பார்ப்பது கண், புரிந்துகொள்வது மூளை

வயதாகும்போது நம் புலன்களில் ஏற்படும் மாற்றங்கள்: மூத்தோருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு விளக்கம்

மாலை நேரம். சமையலறையில் எண்ணெய் பொரிகிறது, மின்விசிறி ஓடுகிறது. மகள் உள்ளேயிருந்து, "அப்பா, சட்டை எங்கே?" என்று கேட்கிறார். வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் தந்தை, "பட்டையா? மேல் அலமாரியில் டப்பாவில் இருக்கும், பாரும்மா" என்கிறார்.

மகளுக்குக் கவலை. "அப்பாவுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்துவிட்டதோ?" தந்தைக்கோ எரிச்சல். "இந்தப் பெண் எப்போதும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்."

இருவர் நினைத்ததும் தவறு. தந்தையின் நினைவாற்றலில் குறையில்லை. மகளும் தெளிவாகத்தான் பேசினார். "சட்டை" என்ற சொல்லின் முதல் ஒலி தந்தையின் காதில் விழவில்லை. மீதி விழுந்தது. குரல் சமையலறையிலிருந்து வந்ததால், விடுபட்ட ஒலியை அவருடைய மூளை தானே நிரப்பி, "பட்டை" என்று பொருள் கொண்டுவிட்டது.

இதுபோன்ற சிறு குழப்பங்கள் பல வீடுகளில் அன்றாடம் நடக்கின்றன. இவை ஏன் ஏற்படுகின்றன, எவற்றைச் சரிசெய்யலாம், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை இந்தச் சிற்றேடு விளக்குகிறது.

புலன்கள் செய்தி அனுப்புகின்றன. மூளை பொருள் கொள்கிறது

கண்ணுக்குள் விழும் ஒளியை விழித்திரை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. காதுக்குள் நுழையும் ஒலி அதிர்வுகளை, உள்காதில் உள்ள மிக நுண்ணிய முடி போன்ற அணுக்கள் செய்தியாக மாற்றுகின்றன. மூக்கு, நாக்கு, தோல் ஆகியவையும் இவ்வாறே செயல்படுகின்றன.

ஆனால், அந்தச் செய்தி ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை. விடுபட்ட இடங்களை மூளை தன் அனுபவத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. வீட்டுக்கு வெளியே நடைபாதையில் கேட்கும் காலடி ஓசையை வைத்தே வருவது பேரனா, பக்கத்து வீட்டுக்காரரா என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். தொலைபேசியில் இடையிடையே ஒலி விட்டுப்போனாலும் பேச்சு உங்களுக்குப் புரிகிறது. காதில் பாதி விழுந்தால், மீதியை மூளை சேர்த்துக்கொள்கிறது.

நீங்களே செய்து பார்க்கலாம்

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

1. ஒரு வெள்ளைத் தாளின் இடப்பக்கத்தில் சிறிய கூட்டல் குறி ஒன்றைப் போடுங்கள்.
2. அதற்கு நேர் வலப்பக்கத்தில், 8 சென்டிமீட்டர் தள்ளி, நெற்றிப் பொட்டு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள்.
3. கூட்டல் குறியில் தொடங்கி, புள்ளியின் நடுவே சென்று, தாளின் ஓரம்வரை ஒரு நேர்க்கோடு போடுங்கள்.
4. இடக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீளத்தில் பிடித்து, மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள்.

ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். இன்னும் அருகில் கொண்டுவந்தால் மீண்டும் தெரியும்.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு புறப்படும் இடத்தில், ஒளியை உணரும் அணுக்கள் கிடையாது. அந்த இடத்தில் எல்லாருக்குமே பார்வை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் இதைக் கண்டறிந்தார்.

இந்தச் சோதனையில் முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரிவதில்லை. கோடு அறுபடாமல் ஓடுவதுபோலவே தெரிகிறது. காணாத இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று மூளை ஊகித்து, வரைந்து காட்டிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாக உங்கள் ஒவ்வொரு கண்ணிலும் இந்த இடைவெளி இருந்தும் நீங்கள் அதை அறியாததற்குக் காரணம் இதுதான்.

வயதாகும்போது புலன்களில் இத்தகைய இடைவெளிகள் கூடுகின்றன. மூளையும் அவற்றை ஓசையின்றி நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான், "எனக்கு நன்றாகத் தெரிகிறது, நன்றாகக் கேட்கிறது" என்று நாம் மனதார நம்பும்போதே பார்வையோ செவித்திறனோ குறைந்துகொண்டு வரலாம்.

கண்: கறுப்பாக மறைவதில்லை

வயதாக ஆக, கண்ணின் பாவை சிறிதாகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகி, ஒளியைக் குறைவாக உள்ளே விடுகிறது. 20 வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. பேத்திக்குப் போதுமான விளக்கு வெளிச்சம் பாட்டிக்குப் போதாமல் இருப்பது இயல்பே.

ஒரே மாதிரியான நிறங்களைப் பிரித்தறிவதும் கடினமாகிறது. சாம்பல் நிறப் படியின் விளிம்பு தரையோடு கலந்துவிடுகிறது. வெள்ளைத் தட்டில் உள்ள வெள்ளைச் சோறு சரியாகத் தெரிவதில்லை.

கண்புரை மெல்ல மெல்ல வருவதால், மங்கிய உலகத்துக்கே நாம் பழகிவிடுகிறோம். அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான், "சட்டை இவ்வளவு வெள்ளையாகவா இருந்தது!" என்று பலர் வியக்கிறார்கள்.

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயில் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலும் அதில் வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் குறையும். அந்த இடம் கறுப்பாகத் தெரியாது; மூளை நிரப்பிக் காட்டிவிடும். ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடுசெய்துவிடும். சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் சைக்கிளோட்டி "திடீரென்று எங்கிருந்தோ வந்ததுபோல்" தோன்றும்போதுதான் சிலருக்குச் சந்தேகமே வருகிறது. கண் அழுத்த நோயால் இழந்த பார்வையை மீட்க முடியாது. ஆனால், உரிய காலத்தில் கண்டுபிடித்தால் மேலும் இழக்காமல் காக்க முடியும்.

நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையும் வெளியே தெரியாமலேயே பாதிக்கப்படலாம். பார்வை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் விழித்திரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

காது: "கேட்கிறது, புரியவில்லை"

முதுமையில் செவித்திறன் குறையும்போது எல்லா ஒலிகளும் ஒரே அளவில் குறைவதில்லை. முதலில் குறைவது உச்ச ஒலிகள். பேச்சில் உயிரொலிகள் உரக்கவும் தாழ்ந்தும் ஒலிக்கின்றன. அவை காதில் விழுகின்றன. ச, த, க, ப போன்ற எழுத்துகளின் ஒலி மென்மையானது, நொடியில் மறைவது. அதுதான் விட்டுப்போகிறது. சட்டை, தட்டை, கட்டை, பட்டை ஆகிய நான்கையும் வேறுபடுத்திக் காட்டுவது முதல் எழுத்துதானே!

"எனக்குக் காது கேட்கிறது, நீங்கள் சொல்வதுதான் புரியவில்லை" என்று மூத்தோர் சொல்வது இதனால்தான். அது சாக்கு அல்ல. உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். அமைதியான அறையில் மூளையின் ஊகம் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. கோப்பிக்கடையிலும் திருமண விருந்திலும் சுற்றிலும் இரைச்சல் இருப்பதால் ஊகிப்பது கடினமாகிறது.

நாம் காதால் மட்டும் கேட்பதில்லை, கண்ணாலும் கேட்கிறோம். பேசுபவரின் உதட்டசைவு நம் காதில் விழும் ஒலியையே மாற்றிவிடும் என்று ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டோனல்ட் எனும் ஆய்வாளர்கள் 1976இல் காட்டினர். கோவிட் காலத்தில் எல்லாரும் முகக்கவசம் அணிந்தபோது மற்றவர் பேச்சு புரியாமல் சிரமப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதுவரை உங்களை அறியாமலேயே உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

சிலருக்குக் காரணம் மிக எளியது: காதில் சேர்ந்த குறும்பி. மருத்துவர் அதைச் சுலபமாக அகற்றிவிடுவார். பஞ்சுக் குச்சி, கொண்டை ஊசி, சாவி போன்றவற்றால் நீங்களே எடுக்க முயலாதீர்கள். குறும்பி இன்னும் உள்ளே போய்விடும். செவிப்பறையிலும் காயம் ஏற்படலாம்.

மூக்கும் நாக்கும்: உப்பு குறைவாக இருக்கிறதா?

நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் வாசனை. சளி பிடித்தால் ரசம்கூடச் சுவையற்றுப் போவது இதனால்தான். வயதாகும்போது மோப்பத் திறன் குறைகிறது. "முன்னைப்போல் குழம்பில் ருசி இல்லை" என்று உப்பும் ஊறுகாயும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறோம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது நல்லதல்ல.

நாள் ஒன்றுக்கு, சாஸ், ஊறுகாய், அப்பளம் அனைத்திலும் உள்ளதையும் சேர்த்து, 5 கிராம் உப்புக்குமேல் வேண்டாம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ருசிக்கு இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், எலுமிச்சை, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

கெட்டுப்போன உணவின் வாடையும் எரிவாயுக் கசிவின் வாடையும் தெரியாமல் போகலாம். மீந்த உணவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும்போது தேதியை எழுதி ஒட்டுங்கள். சமைத்து முடித்ததும் அடுப்பை அணைத்தீர்களா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பாதம்: கீழே விழாமல் காக்கும் புலன்

நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வேண்டும்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். இரண்டு குறைந்தால் தடுமாற்றம்தான்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போன ஒருவர் பகலில் நன்றாகவே நடப்பார். அவருடைய கண் உதவுகிறது. இரவு 2 மணிக்கு விளக்கைப் போடாமல் கழிவறைக்குப் போகும்போது அந்த உதவியும் இல்லாமல் போகிறது. "பல வருடமாக இருக்கும் வீடு, எனக்குத் தெரியாதா?" என்ற நம்பிக்கையில் மூளை வழிகாட்டுகிறது. பேரன் விட்டுச்சென்ற விளையாட்டுச் சாமான் அந்த நினைவில் இல்லை.

• படுக்கையிலிருந்து கழிவறைவரை சிறு இரவு விளக்கு எரியட்டும்.
• எழுந்தவுடன் நடக்காமல், கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள்.
• படி விளிம்பிலும் குளியலறை வாசலிலும் பளிச்சென்ற நிறத்தில் பட்டை நாடா ஒட்டுங்கள்.
• நீரிழிவு இருந்தால் தினமும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். வலிக்கவில்லை என்பதால் புண் இல்லை என்று பொருளல்ல. வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் சோதியுங்கள்.

தாக உணர்வும் வயதாகும்போது மங்கும். நம் ஊர் வெயிலில், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். இதய நோய் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால்

இதைப் பற்றிப் பலர் வெளியே சொல்வதில்லை. பார்வை மிகவும் குறைந்த சில மூத்தோருக்கு, அறையில் யாரோ நிற்பதுபோலவும், பூக்கள், பறவைகள், குழந்தைகள், கோலம் போன்ற வடிவங்கள் தெரிவதுபோலவும் இருக்கும். "பைத்தியம் என்று நினைப்பார்களோ", "ஏதோ காற்றுக் கருப்பு பிடித்துவிட்டதோ" என்று பயந்து, மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இது புதிதல்ல. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் போனே, கண்புரையால் பார்வை இழந்திருந்த தம் தாத்தாவுக்கு மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் தெரிந்ததை 1760இல் எழுதிவைத்தார். அந்த முதியவரின் அறிவில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இந்த நிலைக்கு இன்று சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்றே பெயர்.

காரணம், நீங்கள் தாளில் செய்து பார்த்த சோதனையில் இருப்பதுதான். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது, காலியான இடத்தில் மூளை தன்னிடம் உள்ள படங்களைக் காட்டத் தொடங்குகிறது. இந்த உருவங்கள் பேசுவதில்லை. ஓசை, வாசனை எதுவும் இருப்பதில்லை. அவை உண்மையல்ல என்று பார்ப்பவருக்கும் பொதுவாகத் தெரிந்தே இருக்கும்.

அப்படித் தெரிந்தால் விளக்கைப் போடுங்கள். சில முறை கண்ணைச் சிமிட்டுங்கள். பார்வையை இடமும் வலமுமாகத் திருப்புங்கள். பெரும்பாலும் உருவம் மறைந்துவிடும். பிறகு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். கண்ணில் சரிசெய்யக்கூடிய குறை எதுவும் உள்ளதா என்று பார்ப்பார். வேறு காரணம் இருந்தால் அதையும் கண்டறிவார்.

அந்த உருவங்கள் பேசினாலோ, ஏதாவது செய்யச் சொன்னாலோ, அவை உண்மை என்று உறுதியாகத் தோன்றினாலோ, காரணம் வேறாக இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மறதியா, செவித்திறன் குறைவா?

காதில் விழாத செய்தி நினைவில் பதியாது. "நேற்றே சொன்னேனே" என்று மகன் சொல்லும்போது, அப்பா மறந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்குச் சரியாகக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மறுபக்கம், கேட்காத காதும் தெரியாத கண்ணும் காலப்போக்கில் மூளையையும் பாதிக்கலாம். விடுபட்டதை ஊகிப்பதிலேயே மூளை களைத்துப்போகிறது. பேச்சு புரியாதபோது கூட்டத்தைத் தவிர்க்கிறோம், கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போவது குறைகிறது, தனிமை கூடுகிறது. முதுமை மறதி நோயைப் பற்றி 2024இல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணங்களைப் பட்டியலிட்டது. கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாடும் பார்வைக் குறைபாடும் அதில் இடம்பெற்றுள்ளன.

கருவிக்குப் பழக மூளைக்கு நேரம் கொடுங்கள்

காது கேட்கும் கருவியை வாங்கி, "ஒரே இரைச்சல்" என்று அலமாரியில் வைத்துவிடுபவர்கள் பலர். பல ஆண்டுகளாகக் கேட்காத மின்விசிறிச் சத்தம், குழாய்த் தண்ணீர்ச் சத்தம், தட்டுகள் உரசும் சத்தம் எல்லாம் திடீரென்று வரும்போது, எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று மூளைக்குத் தெரிவதில்லை. அது மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும்.

முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது, நாளுக்குச் சில மணி நேரம் அணியுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். வலித்தாலோ ஒலி அதிகமாக இருந்தாலோ, கருவியை ஒதுக்கிவிடாமல் செவித்திறன் வல்லுநரிடம் எடுத்துச் சென்று சரிசெய்துகொள்ளுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

• வேறு அறையிலிருந்து கூப்பிட்டுப் பேசாதீர்கள். அருகில் வந்து, முகம் தெரியும்படி, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள்.
• கத்த வேண்டாம். கத்தினால் ஒலி சிதையும்; கேட்பவர் மனமும் வருந்தும். சற்று நிதானமாகப் பேசுங்கள்.
• ஒருமுறை புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், வேறு விதமாகச் சொல்லுங்கள். "சட்டை எங்கே?" என்பதைவிட "நாளைக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சட்டை எங்கே?" என்பது எளிதில் புரியும்.
• பேசும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறையுங்கள்.
• "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். மூத்தோர் மனத்தை அது மிகவும் புண்படுத்தும்.

எங்கே பரிசோதித்துக்கொள்வது?

60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்காக உள்ள 'பிராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்' திட்டத்தில் கண், காது, வாய் ஆகிய மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளலாம். விவரங்களை உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, பலதுறை மருந்தகத்திலோ, அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்திலோ கேட்டறியுங்கள். காது கேட்கும் கருவி போன்றவற்றை வாங்கத் தகுதிபெறும் மூத்தோருக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. வீவக வீடுகளில் கைப்பிடிகள் பொருத்தவும் குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கச் செய்யவும் 'ஈஸ்' திட்டம் உதவுகிறது.

உடனே மருத்துவ உதவி நாடுங்கள்

• திடீரென்று பார்வை மங்கினால் அல்லது மறைந்தால். கண்முன் திரை விழுந்ததுபோல் தோன்றினால். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிந்தால்
• கண் சிவந்து, கடுமையாக வலித்து, தலைவலியும் வாந்தியும் வந்தால்
• திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால். "சரியாகிவிடும்" என்று நாள்களைக் கடத்தாதீர்கள்
• நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப் பேசினால் அல்லது இல்லாததைப் பார்த்து அஞ்சினால்
• முகம் ஒருபக்கம் கோணினால், கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 995 எண்ணை அழையுங்கள்

நினைவில் வைக்க

குறை தெரிந்த பிறகு பரிசோதிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். குறையை நம்மிடமிருந்து மறைப்பதே மூளையின் வேலையாக இருக்கிறது. பெரும்பாலும் அதை முதலில் கவனிப்பவர்கள் வீட்டில் உள்ளவர்கள்தான். "தொலைக்காட்சியை ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள்?" என்று பேத்தி கேட்டால் கோபப்படாதீர்கள். அடுத்த வாரமே காதைப் பரிசோதிக்க நாள் குறித்துவிடுங்கள்.

அந்தத் தந்தையும் மகளும் செய்ய வேண்டியது அவ்வளவுதான். மகள் சமையலறையிலிருந்து இரண்டடி முன்னால் வந்து, முகம் பார்த்துக் கேட்கட்டும். தந்தை ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். சட்டையும் கிடைக்கும்; மனக்கசப்பும் தீரும்.